அந்தப் பாட்டைப் பாடியது நான்

தம்பி,

சேவியரிடம் நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசியில் எங்காவது அம்மா இறங்கி வருவாள் என்று தேடிக்கொண்டே படிப்பாய். உன் கல்யாண ரிசப்ஷனுக்கு மறுநாள் பெங்களூருக்குக் கிளம்பும்போது நீ வாசலில் நின்று, "அந்தப் பெரிய மனுசங்கிட்ட மன்னிப்புக் கேளு. கேட்டுட்டுச் சொல்லு, அப்பறம் போன் பண்றேன்" என்றாய். அதற்கப்புறம் நீ போன் பண்ணவில்லை. நான் பண்ணினாலும் எடுப்பதில்லை. நிவேதாதான் எடுத்து, "சாப்டீங்களா அத்தை" என்று ஆரம்பித்து, நீ பக்கத்தில் இருப்பதை மறைத்துக்கொண்டு பேசுகிறாள். போனில் நீ கேட்க மாட்டாய் என்பதால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்தது மேடையில் நடந்தது மட்டும்தான். அதற்கு முன்னால் நடந்தது எதுவும் தெரியாது. உன் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஒருவரைக் காதலித்தாள் என்று ஆரம்பிக்கப் போகிறேன். முகத்தைச் சுளிக்காதே. நீயும் காதலித்துத்தான் கட்டியிருக்கிறாய்.

நான் ஜங்ஷன் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் என்பது உனக்குத் தெரியும். பன்னிரண்டாவது முடித்ததும் பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசப் போனதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவள் நான் என்பது மட்டும் தெரியாது. அந்த வருடம் கோயில் திருவிழாவுக்குப் பாண்டிச்சேரியிலிருந்து பேண்டு செட் வந்தது. தேருக்கு முன்னால் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி வாசித்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் பந்தலுக்குள் படுத்துவிட்டார்கள். ஒருத்தர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து, ட்ரம்பெட்டைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து, தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி என்னவோ ஊதிக்கொண்டிருந்தார். காலையில் அலறிய அதே வாத்தியம்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பந்திப் பாத்திரங்களை எடுக்கப் போனவள் பாத்திரத்தோடு நின்றுவிட்டேன்.

"இது என்னா பாட்டுங்க?" என்று கேட்டேன்.

"ஜாஸுங்க. பாண்டியில ஓட்டல்ல ராத்திரி வாசிப்போம். காதல் பாட்டு."

"காதல் பாட்டா? தூக்கம் வர்ற மாதிரி இருக்குது."

"தூங்குறவங்கள எழுப்பாம சொல்ற காதலுங்க" என்றார் சேவியர்.

இப்படிப் பேசுகிற ஆள் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எனக்கு அப்போது இருபது வயது.

அதற்குப் பிறகு வாராவாரம் பாண்டிச்சேரி பஸ்ஸில் வந்து இறங்குவார். பாட்டுப் பயிற்சி என்று சொல்லிக் கோயில் பின்பக்க அறையில் உட்காருவோம். அந்தப் பாட்டுகள் எப்படி என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீ ராப்பகலாகக் கேட்கிறவன். ஆனால் பாடுகிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. கோயிலில் நான் கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி பாடிப் பழகியவள். இதில் பக்கத்தில் இருக்கிற ஒருவருக்குக் கேட்டால் போதும். குரலை ஆட்டக் கூடாது, அழுத்தக் கூடாது, அழக் கூடாது. சொல்லைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் ட்ரம்பெட் வந்து பதில் சொல்லும். அது முடிக்கும்வரை நான் பொறுத்திருக்க வேண்டும், நான் முடிக்கும்வரை அது பொறுத்திருக்கும். ஒருத்தர் பேச்சை ஒருத்தர் வெட்டாமல் பேசுகிற ஆணையும் பெண்ணையும் நான் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. பாட்டுக்குள்தான் பார்த்தேன். அதில் மயங்கிப்போனேன். கம்பெனியில் விளிம்பு உடைந்து கழித்துப்போட்ட ஒரு பீங்கான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதை ட்ரம்பெட் வாய்க்கு முன்னால் பிடித்து ஊதினார். சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். கல்யாணம் பண்ணிக்கொள்வோம் என்று அவர்தான் முதலில் சொன்னார். நான் கேட்கவில்லை.

அவரிடம் இருந்தது இங்கிலீஷ் பாட்டுகள். தமிழில் ஒன்று வேண்டும் என்றேன். நான் ஒரு மெட்டை முணுமுணுத்தேன், அவர் அதை ஊதிப் பார்த்தார். சொற்களையும் நானே போட்டேன். பொம்மைக்குக் கண் எழுதும்போது ஒவ்வொரு வரியாக வந்தது.

விளக்கை அணைக்காதே,
வெளியே மழை நிற்கட்டும்,
சொல்லாமல் போன பேச்சில்
இன்னும் ஒரு வார்த்தை பாக்கி.

உனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுத்தான். பாண்டிச்சேரியில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் அதையும் இன்னும் சில பாட்டுகளையும் பதிவு செய்தோம். ஒரு கிடாரும் ட்ரம்பெட்டும் நானும்தான். எனக்கு அன்றைக்கு ஜலதோஷம். பாட்டுக்குள் அதே அடிகளை இரண்டாவது முறை பாடும்போது கடைசி வரியில் சொல் மறந்துபோய், "இன்னும் ஒரு மூச்சு பாக்கி" என்று பாடிவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். சேவியர் கையைக் காட்டினார். "நல்லா இருக்குது, அப்பிடியே வுடு" என்றார்.

சில வாரம் கழித்து நம் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். வீட்டுக்கு வருகிறார் என்று நினைத்து நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். டீக்கடை ஓரத்தில் நிற்கவைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பாட்டு எடுபடல. உங்குரல்ல காத்துதான் வருது, பாட்டு வரலன்னு சொல்லிட்டாங்க. டேப்ப அழிச்சிட்டாங்க. நீ கோயில்ல பாடறதோட நிறுத்திக்க, உனக்கு எதுக்கு இது."

"நீங்க என்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் என்னா சொல்றது? அவங்க சொல்றது நெசந்தான?"

அந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்காரரின் மகள் ஸ்டெல்லாவோடு அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. அடுத்த திருவிழாவுக்கு வந்த பேண்டுக்காரர்கள் சொன்னார்கள். ஒரு ஆண் பெண்ணை ஏமாற்றிவிட்டுப் போவது புதிதில்லை தம்பி. அழுதேன், மறந்தேன், உன் அப்பாவைக் கட்டிக்கொண்டேன், நன்றாகத்தான் வாழ்ந்தேன். ஆனால் அந்த மனிதர் என்னை வேண்டாம் என்று சொல்வதற்கு என் குரலைக் கெட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அதை நான் நம்பினேன். பஸ் ஸ்டாண்டில் அவர் சொன்னதற்கு அடுத்த ஞாயிறே பாடகர் குழுவிலிருந்து விலகிவிட்டேன். பூசையில் எல்லோரும் பாடும்போதுகூட வாயை மட்டும் அசைப்பேன். நீ பிறந்தபோது உனக்கு நான் தாலாட்டுப் பாடவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் உன் அப்பா ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தார். "எல்லாப் புள்ளைக்கும் அம்மா பாடுவா, எம் புள்ளைக்கு ஆகாசவாணி பாடுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேலியாகச் சொல்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இனி நீ இருந்த இடத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முந்தின மாதம் லீவில் வந்தாய். நான் அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ அந்தக் குட்டி ஸ்பீக்கரைக் கொண்டுவந்து அரிசி டப்பா மேல் வைத்தாய்.

"அம்மா, இத கேளேன். அந்தக் காலத்துலயே தமிழ்ல ஜாஸ் பாடியிருக்காங்க. பழைய கேசட்டாம். பெங்களூர்ல ஒரு கம்பெனி தேடிப் புடிச்சு மறுபடி போட்டிருக்காங்க. எங்க செட்ல எல்லாரும் பைத்தியமா கேக்குறோம். நானும் நிவியும் மொத தடவ வெளிய போனப்ப இதான் ஓடிச்சு."

கிடார் ஆரம்பித்தது. பிறகு ட்ரம்பெட், கிண்ணத்துக்குப் பின்னாலிருந்து. அப்போதே எனக்குக் கை நின்றுவிட்டது. பிறகு குரல் வந்தது. முதலில் யாரோ என்றுதான் கேட்டேன். நல்ல குரலாக இருக்கிறதே, யாராயிருக்கும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன் தம்பி. இரண்டாவது முறை அந்தக் குரல் "ஒரு மூச்சு பாக்கி" என்றது. அதற்கு முன்னால் ஜலதோஷத்தோடு மூக்கால் இழுத்த மூச்சும் அப்படியே இருந்தது.

"யாரு பாடுறது?" என்று கேட்டேன்.

"ஸ்டெல்லா சேவியர்னு ஒருத்தவங்க. அவங்க வூட்டுக்காரர்தான் ட்ரம்பெட். பாவம்மா, தொண்டையில ஆபரேஷன் ஆகி இப்ப அவங்களுக்குக் குரலே இல்லியாம். கச்சேரியில அந்தப் பழைய குரல லேப்டாப்ல போட்டுட்டு அவரு கூட வாசிக்கிறாரு. அவங்க மேடையில சும்மா உக்காந்திருப்பாங்க. பாத்தா அழுவ வந்துடும்." கண் பளபளக்கச் சொன்னாய்: "நம்ம ரிசப்ஷனுக்கு அவங்களத்தான் புக் பண்ணியிருக்கேன். சர்ப்ரைஸு."

நான் வெண்டைக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டேன். நறுக்கிய வெண்டைக்காயைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவள்தான். நீ அதைப் பார்த்துச் சிரித்தாய். நான் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. உடம்பெல்லாம் சூடாக இருந்தது. குரல் நன்றாக இல்லாததால் தூக்கிப்போட்டார்கள் என்று நம்பி வாயை மூடிக்கொண்டவள் நான். அந்தக் குரலை அவர் தூக்கிப்போடவே இல்லை. எடுத்து வைத்துக்கொண்டு, பெண்டாட்டி பெயரை ஒட்டி, ஊர் ஊராகப் போய்க் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தார். என்னிடமிருந்து மட்டும் அதை மறைத்தார். அந்த நிமிடம் முடிவு செய்தேன். ஏதோ ஒரு ஆவேசத்தில் மேடையேறிவிட்டேன் என்று நீ நிவேதாவிடம் சொன்னாயாம். ஆவேசமில்லை. எப்படிச் செய்வது என்று ஒரு மாதம் யோசித்துச் செய்தேன்.

மறுநாள் காலையில் உன் அப்பாவின் மைக் செட் கடைக்குப் போனேன். ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், காதல் உட்பட. அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"அந்தாளு உன்ன வுட்டுட்டுப் போனதுக்குக் கோவமா, பாட்ட எடுத்துக்கிட்டதுக்குக் கோவமா?"

"ரெண்டுக்குந்தான்."

"ரெண்டுக்கும்னா செரி. பாட்டுக்கு மட்டும்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்." மறுபடியும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டார். "ரிசப்ஷனுக்கு நம்ம செட்டுதான். எம் புள்ள கல்யாணத்துக்கு வெளியாளு சவுண்டு போட வுட மாட்டேன். எந்த எடத்துல பாட்ட நிறுத்தணும்னு மட்டும் சொல்லு."

உன் அப்பா இவ்வளவுதான் பேசினார். பொம்பளைக்கு இதெல்லாம் எதற்கு என்றோ, பையன் கல்யாணம் கெட்டுப்போகும் என்றோ சொல்லவில்லை. அவரைப் பற்றி நீ நண்பர்களிடம் "மைக் செட் வெச்சிருக்காரு" என்று கொஞ்சம் தயங்கிச் சொல்வாய். அந்தத் தயக்கத்தை விட்டுவிடு. கல்யாணம் ஆனவனுக்கு இந்தக் கடிதத்தில் ஏதாவது புத்திமதி வேண்டுமென்றால் இதுதான்: நிவேதா என்றைக்காவது உன்னிடம் வந்து தனக்கு நடந்த ஒன்றைச் சொன்னால், எந்த இடத்தில் நிறுத்தணும் என்று கேள். மற்றதெல்லாம் அப்புறம்.

உன்னிடம் ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று கேட்டாய். சொல்லியிருந்தால் நீ பக்குவமாகப் பேசி முடித்திருப்பாய். அவருக்குப் போன் போட்டிருப்பாய், அவர் வருத்தம் தெரிவித்திருப்பார், என் பெயரைச் சின்ன எழுத்தில் ஒரு ஓரத்தில் சேர்க்கச் சம்மதித்திருப்பார். எல்லோரும் நல்லவர்களாகியிருப்பீர்கள். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. எனக்குச் சொன்னதை அவர் பஸ் ஸ்டாண்டில் ஜனங்களுக்கு நடுவில் வைத்துச் சொன்னார். அவருக்கும் ஜனங்களுக்கு நடுவில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது.

ஆனால் பாட வேண்டுமே. இத்தனை வருடம் திறக்காத தொண்டை. ஞாயிற்றுக்கிழமை பீங்கான் கம்பெனிக்கு லீவு. பின்பக்கம் செங்கல்லால் கட்டிய ஒரு பழைய சூளை இருக்கிறது, ஆள் நிமிர்ந்து நடந்து உள்ளே போகலாம். இப்போதெல்லாம் கேஸ் சூளைதான், அதில் நெருப்பு வைப்பதில்லை. அதற்குள் போய் நின்று பாடினேன். முதல் நாள் தவளை மாதிரி வந்தது. வாட்ச்மேன் காசிம் பாய், மங்கலம்பேட்டைக்காரர், கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"யாரு உள்ள? யாரோ அழுவுற மாதிரி கேட்டுச்சு."

"பாடுறேன் பாய்."

"பாடுறீங்களா? செரி, பாடுங்க பாடுங்க. நான் பயந்துட்டேன்."

அடுத்த ஞாயிறு அவரே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து சூளை வாசலில் போட்டு உட்கார்ந்து கேட்டார். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "இன்னொருவாட்டி" என்றபோது எனக்குத் தைரியம் வந்தது. அங்கேதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். வயதாகிவிட்டதால் என் குரல் கீழே இறங்கியிருந்தது, ஆனால் மூச்சு நீண்டிருந்தது. ரெக்கார்டில் இருப்பதைவிட மெதுவாகப் பாட முடிந்தது. அதைவிடவும் மெதுவாக முடிந்தது. சேவியர் இத்தனை நாளாக ஒரு லேப்டாப்போடு வாசிக்கிறவர். பதிவான குரல் யாரையும் காக்கவைக்காது, எப்போது வரும் எப்போது நிற்கும் என்று அவருக்குத் தலைகீழாகத் தெரியும். எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார். உயிரோடு இருக்கிற ஒருத்தியோடு வாசித்து அவருக்கு எத்தனையோ காலமாகியிருக்கும். வேகமான பாட்டில் தப்பை மறைக்கலாம். மெதுவான பாட்டில் மறைக்க இடம் கிடையாது. சூளைக்குள் நின்று, மெதுவாக, இன்னும் மெதுவாக என்று பழகினேன்.

ரிசப்ஷன் அன்றைக்கு அவர்கள் காரிலிருந்து இறங்கியபோது நான்தான் பன்னீர் தெளித்து வரவேற்றேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. "வணக்கம்மா, மாப்பிள்ளையோட அம்மாவா? ரொம்ப சந்தோஷம்" என்றார். தலைக்குச் சாயம் போட்டிருந்தார். ஸ்டெல்லா வெள்ளைப் புடவையில், கழுத்தில் ஒரு துணி சுற்றிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுத் தலையை மட்டும் அசைத்தாள். அவள்மேலும் எனக்குக் கோபம்தான். என் குரலைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிகிறவள் என்று நினைத்தேன்.

நீயும் நிவேதாவும் மேடையில் சோபாவில் இருந்தீர்கள். சேவியர் மைக்கில் இங்கிலீஷும் தமிழும் கலந்து பேசினார். "இது என் மனைவி எனக்குப் பாடுன பாட்டு. இன்னைக்கு அவளுக்குக் குரல் இல்ல. ஆனா காதல் இருக்குது" என்றார். உன் பெங்களூர் நண்பர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பாட்டு ஆரம்பித்தது. என் குரல் நம் ஊர் மண்டபத்தில், உன் அப்பாவின் ஸ்பீக்கர் பெட்டிகள் வழியாக வந்தது. என் அண்ணன் குடும்பம், கம்பெனிப் பெண்கள், கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த உன் அப்பாவின் சொந்தக்காரர்கள் எல்லோரும் அதை ஸ்டெல்லாவின் குரலாகக் கேட்டார்கள். ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், இத்தனை வருடமாக நான் பாடி யார் கேட்டிருக்கிறார்கள்? முதல் முறை முடிந்தது. சேவியர் தனியாக வாசித்தார், நன்றாகத்தான் வாசித்தார். முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குரலுக்காக நின்றார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரில் உன் அப்பா கையை இறக்கினார். கிடாரும் போயிற்று, குரலும் போயிற்று.

சேவியர் கண்ணைத் திறந்து லேப்டாப்பைப் பார்த்தார். நான் கடைசி வரிசைக்குப் பின்னால், மிக்ஸர் பக்கத்தில் நின்றிருந்தேன். உன் அப்பா மைக்கை என் கையில் கொடுத்தார். பாடினேன். "விளக்கை அணைக்காதே." ஜனங்கள் ஸ்பீக்கரைத்தான் பார்த்தார்கள். நான் நாற்காலிகளுக்கு நடுவில் நடக்க ஆரம்பித்ததும் திரும்பினார்கள். நீ சிரித்தாய், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மா ஏதோ ஆசைக்குச் செய்கிறாள் என்று நினைத்துப் போனைத் தூக்கிப் படம் எடுத்தாய். உன் நண்பன் ஒருத்தன், "டேய், அதே வாய்ஸுடா" என்றான். அவன் சத்தமாகச் சொன்னது எனக்குத் தேன் மாதிரி இருந்தது. சேவியருக்கு அப்போது என்னைத் தெரிந்துவிட்டது. முகம் சாம்பலாகிவிட்டது. ஆனாலும் பழக்கம், வாத்தியத்தை வாயில் வைத்துவிட்டார். நான் ஒரு வரி பாடிவிட்டு நிறுத்தினேன். அவர் பதில் வாசித்தார். அடுத்த வரியை அதைவிட மெதுவாகப் பாடினேன். அவர் அவசரப்பட்டு என் சொல் முடிவதற்குள் உள்ளே வந்துவிட்டார், சுருக்கென்று நிறுத்தினார். நான் அவரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். மண்டபம் முழுவதும் காத்திருந்தது. கடைசி வரியை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினேன். அவர் என்னோடு ஒட்டி வர முயன்றார். உதடு நடுங்கி, ட்ரம்பெட்டில் பிசிறாக ஒரு கீச்சு வந்து, காற்றாகப் போயிற்று. நான் பாடி முடித்தேன், தனியாக. அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

"இந்தப் பாட்ட ரெக்கார்டுல பாடுனது யாருன்னு நீங்களே சொல்லுங்க சார்" என்று மைக்கில் கேட்டேன்.

"கல்யாண வூட்ல எதுக்கும்மா இதெல்லாம்..."

"கல்யாணம் பண்ணிக்கறேன்னு சொல்லிட்டுத்தான எடுத்துக்கிட்டுப் போனீங்க? இங்கயே சொல்லுங்க."

அப்போது ஸ்டெல்லா எழுந்தாள். கழுத்துத் துணியை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். மைக் இல்லாமலே, கணீரென்று, "அவங்கதான் பாடுனாங்க. நான் ஒரு பாட்டும் பாடுனதில்ல. எனக்கு ஆபரேஷனும் ஆவல" என்றாள். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை, கோபத்தில் உள்ளே போய்விட்டாய். அவள் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாடச் சொல்லுவாங்கன்னு பயந்து பயந்து, சர்ச்சுலகூட வாயத் தொறக்கறதில்லக்கா. அப்பறம் பேசவே வேணாம்னுட்டாரு" என்றாள். பிறகு என் அண்ணியோடும் கம்பெனிப் பெண்களோடும் உட்கார்ந்து பேசினாள், பேசினாள், மண்டபத்துக்காரர்கள் நாற்காலிகளை அடுக்கும்வரை பேசினாள். சேவியர் வெளியே காரில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவள்மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. அவர்மேல் இருப்பது இரட்டிப்பாகிவிட்டது.

உன் சாயங்காலத்தை நான் எடுத்துக்கொண்டேன், தம்பி. அதற்கு உன்னிடமும் நிவேதாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அவளிடம் அன்றைக்கே கேட்டுவிட்டேன். "எங்க ரிசப்ஷன யாரும் மறக்க மாட்டாங்க அத்தை" என்று சொல்லிவிட்டாள். பாட்டை வெளியிட்ட அந்தப் பெங்களூர்க்காரர்கள் என்னோடு பேசினார்கள். இப்போது பாட்டைத் தேடினால் என் பெயரோடு வருகிறது என்று அவள்தான் காட்டினாள். உனக்கும் அது தெரியும், நீ பார்த்துவிட்டாய் என்றும் அவள் சொன்னாள்.

போன வாரம் சேவியர் வந்தார். பஸ்ஸில் வந்திருப்பார் போல, சட்டையெல்லாம் கசங்கியிருந்தது. கையில் ஆப்பிள் பை. மத்தியான நேரம். நான் கேட்டுக்கு உள்ளே நின்றேன், அவர் வெளியே நின்றார். கச்சேரிகளெல்லாம் நின்றுவிட்டன என்றார். ஸ்டெல்லா அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள் என்றார். பிறகு, "வாத்தியத்த எடுத்தா வாயி நடுங்குது. ஊத வரல. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொன்னீன்னா செரியாயிடும்னு தோணுது" என்றார். உண்மையாகவே உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. வயதான மனிதர். எனக்கு இரக்கம் வருகிறதா என்று நின்று பார்த்தேன். கொஞ்சம் வந்தது. அதை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

"மன்னிக்கலைங்க" என்றேன்.

அவர் பையைக் கேட்டுக் கம்பியில் மாட்டப் பார்த்தார், வேண்டாம் என்றேன். பையைக் கை மாற்றிக்கொண்டு, "அப்ப போயிட்டு வரேன்" என்றார். இந்த ஊரில் எதிரியைக்கூட யாரும் போ என்று சொல்லி அனுப்புவதில்லை. கடன்காரனுக்கும் போயிட்டு வாங்க என்றுதான் வாய் வரும். என் வாயிலும் அது பாதி வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

"போங்க" என்றேன்.

அவர் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துவிட்டுக் கேட்டைச் சாத்தினேன். உள்ளே வந்து கை கழுவிக்கொண்டு, பாதியில் விட்ட சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். அன்றைக்கு வைத்தது கருவாட்டுக் குழம்பு. இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டு, தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் பாயை விரித்துப் படுத்தேன். உன் அப்பா கடையிலிருந்து வந்து எழுப்பும்வரை தூங்கினேன்.

அம்மா